ரெண்டாவது போட்டோ

மாதா துணை

ஆடி 4, ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்து எழுதுறது

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு அம்மா வியாகுலமேரி எழுதிக்கிறது. இங்க நானும் ஒங்க அப்பாவும் ஸ்வீட்டியும் மாதா கிருபையில நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்க தமாம்ல நீ வேளாவேளைக்குச் சாப்புட்டு நோய்நொடி இல்லாம இருக்கணும்னு செபமாலை சொல்றப்ப ஒனக்குன்னு ஒரு பத்து மணி தனியாச் சொல்றேன். வாரத்துக்கு மூணு வாட்டி வீடியோவுல மூஞ்சியப் பாத்துப் பேசுறோம், பெறகு எதுக்கு இந்த அம்மா காயிதம் எழுதுதுன்னு நெனப்ப. போன்ல சொல்லணும்னுதான் தம்பி எத்தனையோ வாட்டி வாயத் தொறந்தேன், நீ சிரிச்சுக்கிட்டே என்னம்மா சாப்புட்டீங்கன்னு கேப்ப, நானும் சாப்பாட்டுக் கதையச் சொல்லிட்டு வச்சுருவேன். பெலிக்ஸ் லீவு முடிஞ்சு புதன்கிழமை கெளம்புறான், ஒன் கேம்புக்கே வர்றான், அவன் பொட்டியில எலுமிச்சங்கா ஊறுகா, பருப்புப் பொடி, வடகம் எல்லாம் வச்சிருக்கேன், அதோட இதையும் வச்சு விடுறேன். நீ தனியா இருக்கும்போது படி.

ஸ்வீட்டிக்கு ஏழாம் மாசம் நடக்குது, போன வாரம் புதுக்கோட்டை கூட்டிக்கிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தோம், புள்ள நல்லா இருக்குன்னுட்டாங்க, தண்ணி மட்டும் நெறையக் குடிக்கச் சொன்னாங்க, பத்து மணிக்கு மேல வெளிய அனுப்பாதீங்கன்னு எங்கிட்ட அழுத்திச் சொன்னாங்க. ஆவணி பொறந்ததும் திருக்கோகர்ணத்துல அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோயி விடணும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்புடியேதான் இருக்கு, சொன்னாக் கேக்க மாட்டேங்குறாரு, சாயங்காலமானா நம்ம வயக்காட்டுப் பக்கம் நடந்து போயி அந்தக் கம்பிவேலிக்கு வெளிய நின்னு உள்ள பாத்துட்டு வர்றாரு. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா ஒன்னும் இல்ல கண்ணாடியாத்தான் இருக்குங்குறாரு. கார்த்திகையில ரெண்டு நாள்ல கொட்டிட்டுப் போச்சே ஒரு மழ, கண்மாய்க் கரையை ஒடச்சுக்கிட்டு தண்ணி பூரா ஓடிருச்சே, அதோட சரி, தைக்குள்ள கண்மாய் காஞ்சு வெடிப்பு விட்டுருச்சு. பங்குனி பொறக்கும்போதே கத்திரி வெயில் மாதிரி அடிச்சுச்சு. அந்த வெயில்லதான் நடந்துச்சு நான் சொல்ல வர்றது.

சொர்ணம் அத்தை செத்துப்போனது ஒனக்குத் தெரியும், நெஞ்சு வலின்னு நான்தான் ஒங்கிட்டச் சொன்னேன். நீ கூட அன்னிக்கு ராத்திரி, சின்ன வயசுல நம்ம கடலைக்காட்டுல அத்தை எனக்குப் பச்சைக் கடலை உரிச்சுத் தரும்னு வாய்ஸ் அனுப்பியிருந்த. அது நெஞ்சு வலி இல்ல சாமி. பொய் சொல்லிட்டேன். ஒங்கிட்ட மட்டும் சொல்லல, எல்லாருகிட்டயும் சொன்ன பொய்யத்தான் ஒங்கிட்டயும் சொன்னேன்.

நம்ம மூணு ஏக்கராவும் அக்கம்பக்கத்துக் காடும் சோலார்காரங்களுக்குக் குத்தகைக்குப் போன பெறகு சொர்ணத்துக்கு வேற கூலி வேலை கெடைக்கல. நமக்குப் போர்க் கெணத்துல தண்ணி இல்ல, கடலை போட்டா வெத காசுகூட வரல, மாசாமாசம் வாடகை வந்தாப் போதும்னு அப்பா கையெழுத்துப் போட்டாரு, நீயும் சரின்னுதான் சொன்ன, நானும் சந்தோசமாத்தான் இருந்தேன், கரி எரிக்காம கரண்டு எடுக்குறது ஒலகத்துக்கே நல்லதுன்னு மீட்டிங் போட்டுச் சொன்னாங்க, நல்லதாத்தான் இருக்கும். ஆனா இருபது வருசமா அந்தக் காட்டுல களை எடுத்தவ, கடலை புடுங்குனவகிட்ட இனிமே வேலை இல்லன்னு யாரும் மீட்டிங் போட்டுச் சொல்லல, நான்தான் அவ வீட்டு வாசல்ல நின்னு சொன்னேன். சரி மேரி நூறு நாள் வேலை இருக்குல்லன்னா. காட்டு வரப்புல நின்ன புளியமரமும் வேப்பமரமும் சோலார் கண்ணாடி மேல நெழல் விழுகுதுன்னு வெட்டுனப்ப மட்டும் வந்து பாத்துட்டு, கஞ்சி குடிக்கக் குந்துற எடத்தையும் எடுத்துட்டீகளான்னு கேட்டா.

மே மாசம் ரெண்டாவது வாரம் ஒரு செவ்வாக்கெழமை. கண்மாய்க்குப் போற வரத்து வாய்க்கால்ல மண்ணு வெட்டுற வேலை. முப்பத்திநாலு பேரு, பூரா பொம்பளைங்க, நான் பணித்தளப் பொறுப்பாளர். ஒனக்குத் தெரியும், கவர்மெண்டு ஆப்புல காலையில ஒரு போட்டோ, மத்தியானத்துக்கு மேல ஒரு போட்டோ, ரெண்டுலயும் மூஞ்சி இருந்தாத்தான் அன்னிக்கு நாள் கணக்குல ஏறும். பன்னெண்டு மணி வாக்குல சொர்ணம் மம்பட்டியக் கீழ போட்டுட்டு எங்கிட்ட வந்தா. மேரி தலை கிறுகிறுங்குது, வயித்தப் பொரட்டுது, நான் வீட்டுக்குப் போறேன்னா. நான் என்ன சொல்லியிருக்கணும். போடின்னு சொல்லியிருக்கணும். இன்னும் ரெண்டு மணி நேரந்தான சொர்ணம், இப்பப் போனா இன்னிக்குப் பாத்த வேலையும் வீணாப் போயிரும், அங்கிட்டுப் போயி நெழல்ல குந்து, ரெண்டாவது போட்டோ எடுத்ததும் நானே ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயி விடுறேன்னு சொன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளும் சரின்னு போயிக் குந்திட்டா. நெழல்னு சொன்னேன், அங்க என்ன நெழல் இருக்கு, தைலமரம் நாலு நிக்கிது, அதுல நெழலும் ஒழுங்கா விழுகாது, வெயில் அம்புட்டும் ஊசி ஊசியா எறங்கும்.

ஒரு மணிக்குப் போயித் தொட்டுப் பாத்தேன். கையி சுட்டுச்சு, ஆனா வேர்வையே இல்ல, ஒடம்பு வரவரன்னு காஞ்சு இருந்துச்சு. வேர்வை நின்னுருச்சு, ஆறிட்டா போலன்னு நெனச்சேன் தம்பி. வேர்வை நின்னா ஆறுறது இல்ல, அதுதான் ஒடம்பு கைய விரிக்கிற நேரம்னு பெறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். தண்ணி குடுத்தேன், ரெண்டு மடக்கு குடிச்சா, மீதி வழிஞ்சிருச்சு. ரெண்டு மணிக்கு எல்லாரையும் நிக்கச் சொன்னேன். நெட்டு கெடைக்கல. கரை மேல ஏறி அங்கிட்டும் இங்கிட்டும் போனத் தூக்கிப் புடிச்சு மூணு வாட்டி எடுத்தும் ஏறல. சொர்ணம் எந்திரிச்சு நில்லுன்னு சத்தம் போட்டேன், அவ எந்திரிக்கல, சரி குந்திக்கிட்டே இரு மூஞ்சி தெரிஞ்சாப் போதும்னு அவளையும் சேத்து எடுத்தேன். நாலாவது வாட்டி ஏறுச்சு. எனக்கு அப்ப சந்தோசம். அந்தச் சந்தோசத்த நெனச்சாத்தான் எனக்கு இப்பயும் ஒடம்பு கூசுது.

கிட்ட போனப்ப அவளுக்குப் புத்தி பெரண்டுருச்சு. கண்ணு எங்கயோ பாக்குது, வாயி மட்டும் பேசுது. மழ வருது மழ வருது கடலைய அள்ளுங்கடி, நனையப் போவுது, இலக்கியா சாக்கை எடுத்துக்கிட்டு வான்னு மவளக் கூப்புடுறா. வானத்துல ஒரு மேகம் இல்ல. தைலமரத்து எலை காத்துல சலசலன்னு ஆடுச்சு, தூரத்துல கேட்டா மழ மாதிரித்தான் இருக்கும், அதைக் கேட்டுத்தான் சொன்னாளோ என்னமோ. கொடத்துல கெடந்த தண்ணியப் பூரா அவ மேல ஊத்துனோம். ஆம்புலன்ஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு, நானும் அழகியும் கூடப் போனோம், அழகியத் தெரியும்ல, தெக்குத்தெரு, வேலைக்கு வர்றவங்களுக்கெல்லாம் முன்ன நின்னு பேசுறவ. ஆஸ்பத்திரியில எறக்குனப்ப மூச்சு இருந்துச்சு, அஞ்சு மணிக்கெல்லாம் போயிருச்சு.

ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்து எங்க இருந்தாங்க, வெயில்ல வேலை பாத்தாங்களான்னு கேட்டுச்சு. நான் வாயத் தொறக்குறதுக்கு முந்தி அழகி சொல்லிட்டா, காலையில வேலைக்கு வந்தாம்மா, முடியலன்னா, இந்தக்கா ஒடனே வீட்டுக்கு அனுப்பிருச்சு, வீட்டுல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டான்னா. அந்த டாக்டரம்மா என்னையப் பாத்து அப்புடியான்னு கேட்டுச்சு. நான் தலைய ஆட்டுனேன். பேசக்கூட இல்ல, தலையத்தான் ஆட்டுனேன். வெளிய வந்து அழகி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா, அக்கா வேலையில செத்தான்னு வெளிய வந்துச்சுன்னா விசாரணைன்னு சொல்லி வேலைய நிப்பாட்டிருவாங்க, முப்பது குடும்பம் இதை நம்பித்தான் இருக்கு, ஒன்னையும் உள்ள தூக்கி வச்சாலும் வைப்பாங்க, போனவ திரும்பியா வரப்போறான்னா. அவளும் கெட்டவ இல்ல. அவளுக்கும் வேற வேலை இல்ல. நான் ஊருக்கு வந்ததும் எல்லாரும் அதையே சொன்னோம்.

அவ புருசன் தங்கமுத்து அண்ணன் திருச்சியில கட்டட வேலைக்குப் போயிருந்தாரு, இலக்கியா புதுக்கோட்டையில காலேஜ் ஆஸ்டல்ல இருந்துச்சு, அதுனால ரெண்டு பேருக்கும் நாங்க சொன்னதுதான் தெரியும். அவ ஒடம்ப எடுத்ததுக்கு மறுநாள் தங்கமுத்து அண்ணன் நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னு ரெண்டு கையையும் எடுத்து என்னையக் கும்புட்டாரு. நீயாச்சும் அவள வீட்டுக்கு அனுப்புனியே தங்கச்சி, வீட்டுல பாயில கெடந்து போனாளே, காட்டுல கெடந்து சாகாம போனாளே, அது போதும்னாரு. நான் அந்தக் கும்புடுக்குப் பதில் கும்புடு போட்டேன் தம்பி.

அதுக்குப் பெறகு எனக்கு உச்சிப்பொழுது ஆனா வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளல. பன்னெண்டு மணி அடிச்சா அடுப்படியில நிக்கும்போதே மேரி தலை கிறுகிறுங்குதுன்னு பின்னால சத்தம் கேக்கும், திரும்பிப் பாப்பேன், வெளிய வெயில் வெள்ள வெளேர்னு நிக்கும். நெட்டு ஏறலன்னா காட்டுறதுக்குன்னு எப்பயும் போன் கேமராவுலயும் ஒரு போட்டோ எடுத்து வைப்பேன், அன்னிக்கும் எடுத்திருக்கேன். முப்பத்திமூணு பேரு நிக்கிறாங்க, ஓரத்துல அவ மட்டும் மரத்துல சாஞ்சு குந்தியிருக்கா, வாயி கொஞ்சம் தொறந்திருக்கு. மழ வருதுன்னு அப்பவே சொல்லிக்கிட்டு இருந்திருக்கா, கரை மேல நின்ன எனக்குக் கேக்கல. ஸ்வீட்டி ஒருநாள் பாத்துட்டு இதை அழிச்சுருங்க அத்தைன்னா. கையி வரல. ஆவூர்க் கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில நின்னேன், எனக்கு முன்னால ரெண்டு பேரு இருக்கும்போது எந்திரிச்சு வந்துட்டேன். சாமியாருகிட்டச் சொல்லி என்ன ஆகப் போவுது, சொல்ல வேண்டிய ஆளு அவரு இல்லன்னு தோணிருச்சு.

ஜூன் மாசம் கூலி ஏறுச்சு. செத்தவ அக்கவுண்டுலயும் ஏறுச்சு. அந்த மெசேஜைப் பாத்துட்டு இலக்கியா ஒரு மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. அத்தை, ரெண்டு போட்டோவுலயும் இருந்தாத்தான நாள் ஏறும்னு அம்மா எப்பயும் பொலம்பும், அன்னிக்குக் காலையிலயே வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு சொன்னீங்களே, பெறகு எப்புடி அந்த நாளும் சேந்து ஏறியிருக்குன்னு கேட்டுச்சு. சண்டையாக் கேக்கல, தெரியாமத்தான் கேட்டுச்சு. தப்பா ஏறியிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ள நம்பிட்டுப் போயிருக்கும். நான் உள்ள போயி போனை எடுத்துட்டு வந்து அது கையில குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துச்சு. வெரலால அவ மூஞ்சியப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துச்சு. அம்மா ஏதாச்சும் சொன்னுச்சான்னு கேட்டுச்சு. சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன், வீட்டுக்குப் போறேன்னு கேட்டது, நான் குந்துன்னு சொன்னது, மழ, கடலை, சாக்கு எடுத்துட்டு வான்னு அது பேரைச் சொல்லிக் கூப்புட்டதுன்னு. அடிக்கும், மண்ண வாரித் தூத்தும்னு நெனச்சேன், தூத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். இதை எழுதிக் குடுப்பீங்களா அத்தைன்னு மட்டும் கேட்டுச்சு.

அதுக்கு அடுத்த திங்கக்கெழமை ரெண்டு பேரும் பஸ் ஏறி புதுக்கோட்டை போயி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தோம். என் கைப்பட எழுதுனேன். வெயில் தாங்காம வேலை எடத்துல செத்தாங்க, போகவான்னு கேட்டவள நான்தான் ரெண்டாவது போட்டோவுக்காக இருக்க வச்சேன், ஆஸ்பத்திரியில சொன்னது பொய்யுன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன், கடைசியில இனிமே உச்சி நேரத்துல யாரையும் நிப்பாட்டக் கூடாது, நெழலுக்குப் பந்தல் வேணும்னு இலக்கியா சொல்லச் சொல்ல அதையும் எழுதுனேன். வெயில்ல செத்தாலும் நிவாரணம் உண்டுன்னு அந்தப் புள்ள எங்கயோ படிச்சிருக்கு, ஆனா வெயில்தான்னு காயிதத்துல இல்லியே, நான் தலையாட்டுனதுனாலதான இல்ல, அதுனால அது வருமா வராதான்னு இன்னும் தெரியல. விசாரணைக்கு வந்தாங்க. பதினோரு நாள் வேலைய நிப்பாட்டுனாங்க, அழகி சொன்ன மாதிரியே. என்னையப் பொறுப்பாளர்ல இருந்து எடுத்துட்டாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. இப்ப வேலை காலையில ஆறு மணிக்கெல்லாம் ஆரம்பிக்கிது, பச்சை வலை கட்டிப் பந்தல் போட்டிருக்காங்க, பந்தல்ல குந்துற பொம்பளைங்க நான் அந்தப் பக்கம் போனாப் பேச்ச நிப்பாட்டிருவாங்க. பதினோரு நாள் கூலி போனது என்னாலதான, கோவம் இருக்கத்தான் செய்யும்.

ஆனா அதையெல்லாம் தாங்கிக்கிட்டேன். போன வாரம் தங்கமுத்து அண்ணன் வந்தாரு. உள்ள வாங்கண்ணேன்னேன், வரல. நீ சொல்லாமயே இருந்திருக்கலாம் தங்கச்சின்னாரு. பாயில படுத்துப் போனான்னு நெனச்சுக்கிட்டு நான் கண்ண மூடுவேன், இப்ப கண்ண மூடுனா வெயில்ல குந்தியிருக்கா, போகவா போகவான்னு கேக்குறா, நான் என்ன பண்ணுவேன்னாரு. சொல்லிட்டு நடந்து போயிட்டாரு. மவ கேட்டா சொல்லாம இருக்க முடியாது, அப்பன் கேக்கவே இல்ல, விசாரணையில அவரு காதுக்குப் போனது அவரு மிச்ச உசுரை எடுத்துருச்சு. நான் செஞ்சது சரியா தம்பி. ஒங்க அப்பாகிட்டக் கேட்டேன், அவரு எந்திரிச்சு அந்தக் கம்பிவேலிப் பக்கம் போயிட்டாரு.

இதை ஏன் ஒனக்கு எழுதுறேன்னா, பெலிக்ஸ் ஒரு சேதி சொன்னான், நீ எங்ககிட்டச் சொல்லல. நாலு மாசமா நீ போர்மேனா இருக்கியாம், ஒனக்குக் கீழ நாப்பது பேராம், பீகார்க்காரங்க, நேபாளத்துக்காரங்க, நம்ம பக்கத்துப் பயலுகளும் இருக்காங்களாம். ஏசியில ஒக்காந்து வேலைன்னு ஸ்வீட்டிகிட்டச் சொன்னியே, சரி அவ பயப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்ப. மேல இருக்குறவன் ஒன்னைய வேலை முடியலியான்னு கேப்பான், கேட்டுக்கிட்டேதான் இருப்பான். அந்த நாப்பது பேருல ஒருத்தன் வந்து தலை சுத்துதுன்னு சொன்னான்னா, எந்த பாசையில சொன்னாலும் சரி, மணியப் பாக்காத. நடிக்கிறானோன்னு நெனைக்காத, நடிச்சா நடிச்சுட்டுப் போறான். வேர்வை நின்னுருச்சான்னு தொட்டுப் பாரு. அவனுக்கும் எங்கயோ ஒரு தங்கமுத்து, ஒரு இலக்கியா இருப்பாங்க, அவங்க வாசல்ல போயி நீ நிக்க முடியாது, போன்லதான் சொல்லணும், அது என்னால முடியல, ஒன்னாலயும் முடியாது.

நீயும் தொப்பியோட போ, தண்ணி பாட்டிலை விடாத, உப்புப் போட்ட மோர் கெடச்சாக் குடி. புள்ள பொறக்குறதுக்குள்ள லீவு கெடைக்குமான்னு கேட்டுப் பாரு, கெடைக்கலன்னா மனசப் போட்டு ஒழப்பிக்காத, நாங்க பாத்துக்குவோம். இதைப் படிச்சதும் எனக்குப் போன் பண்ணி ஒன்னும் சொல்ல வேணாம், இலக்கியாவுக்கு ஒரு வார்த்தை பேசு, அது ஒன்னைய மாமான்னு கூப்புட்டு வளந்த புள்ள, பரிச்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கு. பெலிக்ஸ்கிட்ட அவங்க அம்மா குடுத்த மாத்திரை இருக்கு, அதை மறக்காம அவனைப் போடச் சொல்லு. மாதாவோட முந்தானை ஒன் தலைக்கு மேலயும் ஒன்கூட வேலை பாக்குற அந்த நாப்பது பேரு தலைக்கு மேலயும் நெழலா இருக்கட்டும் சாமி.

ஒன் மேல உசுரா இருக்குற அம்மா,
வியாகுலமேரி